கடைவீட்டு ஹோட்டலில் தங்கப் போகிறீர்களா? முதலில் அறை எங்கே என்று கேளுங்கள்

சிங்கப்பூரில் சைனாடவுன், தேக்கா (லிட்டில் இந்தியா), கம்போங் கிளாம் பக்கம், கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த பழைய கடைவீடுகளைப் புதுப்பித்து நடத்தும் சிறு ஹோட்டல்களுக்கு நட்சத்திரக் கணக்கு பெரிதாக உதவாது. ஒரே பெயரில், ஒரே விலைக்கு விற்கும் இரண்டு அறைகளில் ஒன்றில் நிம்மதியாகத் தூங்கலாம். மற்றொன்றில் விடியும்வரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியிருக்கும். மெத்தையிலும் தலையணையிலும் வித்தியாசம் இருக்காது. அந்த அறை கட்டடத்தின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

கடைவீடு ரயில்பெட்டி மாதிரி. முகப்பு ஐந்தாறு மீட்டர்தான் இருக்கும். உள்ளே போகப் போக நீண்டுகொண்டே போகும். இரண்டு பக்கமும் அண்டைக் கட்டடத்தோடு பொதுச்சுவர் என்பதால் அங்கே ஜன்னல் வைக்க வழியில்லை. வெளிச்சமும் காற்றும் வர மூன்றே வழிகள்: தெருவைப் பார்த்த முன்பக்கம், பின்சந்துக்குத் திறக்கும் பின்பக்கம், நடுவில் வானம் பார்த்த முற்றம். நம் ஊர் முற்றம் வைத்த வீட்டை ஒடுக்கி நீட்டியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வட்டாரங்கள் 1989ல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. இன்று சிங்கப்பூர் முழுவதும் 7,000க்கும் அதிகமான கட்டடங்கள் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பாதுகாப்பில் உள்ளன. முகப்பு, பொதுச்சுவர், முற்றம், கூரை போன்றவற்றை உரிமையாளர் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அதனால் உள்ளே எவ்வளவு பணத்தைக் கொட்டினாலும், ஜன்னல் இல்லாத நடு அறைக்கு ஜன்னல் முளைக்கப் போவதில்லை.

எந்த அறை யாருக்கு

முன்பக்க அறைதான் படங்களில் வருவது. மரச்சட்டமும் சாய்தகடுகளும் வைத்த உயரமான ஜன்னல்கள், தாராளமான வெளிச்சம். கீழே மதுக்கூடமோ உணவகமோ இருந்தால் அந்தச் சத்தமும் இலவசம். பழைய மர ஜன்னல் எவ்வளவு இறுக்கமாக மூடினாலும் விளிம்புகளில் இடைவெளி விடும். சத்தம் நுழைய அது போதும். கியோங் சைக் ரோடு, கிளப் ஸ்திரீட், ஆன் சியாங் ஹில் பக்கமென்றால் வெள்ளி, சனி இரவுகளில் முன்பக்க அறையை எடுக்காதீர்கள். ஞாயிறு முதல் புதன் வரை தாராளமாக எடுக்கலாம். ஜன்னலுக்குப் பின்னால் இன்னொரு கண்ணாடித் தடுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் கிழமை பார்க்க வேண்டியதில்லை.

பின்பக்க அறையில் ஆள் சத்தம் குறைவு, இயந்திரச் சத்தம் அதிகம். ஏர்கான் வெளிப்பெட்டிகள், உணவகச் சமையலறையின் புகைபோக்கி, விடியற்காலைக் குப்பை லாரி எல்லாம் பின்சந்தில்தான். தூக்கம் லேசானவர்களுக்கு ஒரே சீரான ஏர்கான் இரைச்சல் பழகிவிடும். குப்பைத் தொட்டி உருளும் சத்தம் பழகாது. பின்பக்கம் வேண்டுமென்றால் மூன்றாம் மாடியில் கேளுங்கள்.

நடு அறைகளில் இரண்டு வகை. முற்றத்தைப் பார்த்த ஜன்னல் உள்ளவை பெரும்பாலும் அமைதியானவை. ஆனால் முற்றத்தின் அடியில்தான் வரவேற்பு மேசையோ காலை உணவு மேசைகளோ இருக்கும். கீழே பேசுவது கிணற்றுக்குள் பேசுவதுபோல் மேலே எழும்பி வரும். ஜன்னலே இல்லாதவை இரண்டாம் வகை. பதிவுத் தளங்களில் இதைச் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். ஒரே இரவு, பின்னிரவில் வந்து விடிந்ததும் கிளம்புகிறீர்கள் என்றால் அது மோசமில்லை, விலையும் குறைவு. மூன்று நாள் தங்குபவர்களுக்கு வேண்டாம்.

கூரைக்கு அடியில் உள்ள அறை தேனிலவுத் தம்பதிக்குப் பிடிக்கும். உயரமானவர்கள் சாய்கூரையில் இரண்டு முறையாவது தலையை இடித்துக்கொள்வார்கள். பிற்பகல் வெயிலில் ஓடு சூடேறி, ஏர்கான் திணறும். மழைச் சத்தம் ரசிப்பவர்கள் எடுக்கலாம்.

சூப்பீரியர், டீலக்ஸ் போன்ற பெயர்களை நம்பாதீர்கள், சதுர மீட்டரைக் கேளுங்கள். 12 சதுர மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 130 சதுர அடி: கட்டில், குளியலறை, ஒரு பெட்டியைத் திறந்து வைக்க இடம், அவ்வளவுதான். இரண்டு பேர், இரண்டு பெரிய பெட்டிகள் என்றால் 18க்குக் குறையாமல் பாருங்கள். பிள்ளைகளுக்குக் கூடுதல் கட்டில் போடலாம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள்; பல ஹோட்டல்களில் அதற்கு இடமே இருக்காது.

பதிவு செய்யும் முன்

தொலைபேசியில் பேசினால் போதும் என்று விட்டுவிடாமல் மின்னஞ்சலில் கேளுங்கள். எழுத்தில் வந்த பதிலை வரவேற்பில் காட்டலாம். அறை எந்தப் பக்கம், எந்த மாடி, ஜன்னல் வெளியே திறக்குமா, லிஃப்ட் உண்டா, வரவேற்பில் இரவு முழுவதும் ஆள் இருப்பார்களா: இந்த ஐந்தும் போதும்.

லிஃப்ட் விஷயத்தில் ஒரு நுணுக்கம். அடுத்தடுத்த நான்கைந்து கடைவீடுகளைச் சுவரில் வழி திறந்து ஒரே ஹோட்டலாக்கியிருப்பார்கள். ஒவ்வொரு வீடும் தனித்தனியாகக் கட்டியது என்பதால் தளங்கள் ஒரே மட்டத்தில் இருக்காது. லிஃப்ட் இருந்தாலும், அதிலிருந்து அறைக்குப் போகும் வழியில் இரண்டு படி ஏறி, மூன்று படி இறங்க வேண்டி வரலாம். தாத்தா பாட்டியோடு வருகிறீர்கள் என்றால், "லிஃப்டிலிருந்து அறைக் கதவு வரை எத்தனை படி?" என்றே கேளுங்கள். "லிஃப்ட் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் "இருக்கிறது" என்ற பதில்தான் வரும்.

விலையில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அதற்கு மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேரும். 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று போட்டிருந்தால் 220 ஆகி, பிறகு 239 வெள்ளி 80 காசு ஆகும். அறைக்கு அறை ஒப்பிடும்போது எல்லாவற்றையும் இந்தக் கடைசித் தொகைக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடுங்கள்.

மலிவாக "கடைவீட்டு அறை, ஓரிரவு" என்று சமூக ஊடகங்களில் வரும் விளம்பரங்களில் கவனம் வேண்டும். தனியார் வீடுகளை 3 மாதங்களுக்குக் குறைவாகவும், வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளை 6 மாதங்களுக்குக் குறைவாகவும் வாடகைக்கு விடுவது இங்கே சட்டவிரோதம். ஹோட்டலுக்கு உரிமம் வேண்டும். சந்தேகம் வந்தால் பணம் கட்டும் முன் ஹோட்டலின் உரிமத்தைச் சரிபாருங்கள்.

தேதியையும் பாருங்கள். எஃப்1 கார் பந்தய வாரத்தில் நகர மையம் முழுவதும் விலை எகிறும். சீனப் புத்தாண்டுக்கு முந்திய வாரங்களில் சைனாடவுனில் கூட்டம் நெரியும். தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோட்டின் சில தடங்கள் காவடிகளுக்காக மூடப்படும். ஊர்வலம் கிளம்பும் பெருமாள் கோயில் அந்த ரோட்டில்தான்; அதற்குப் பக்கத்தில் தங்கினால் நடந்தே போய்விடலாம், ஆனால் டாக்சி வாசலுக்கு வராது. தீமிதி இரவில் பெருமாள் கோயிலிலிருந்து சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் வரை பக்தர்கள் நடப்பார்கள். அந்த வழியில் தங்குபவர்கள் அன்று தூக்கத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

உள்ளே நுழைந்த முதல் பத்து நிமிடம்

பெட்டியைத் திறப்பதற்கு முன் சோதனை. பிரித்துப் போட்ட பிறகு அறையை மாற்றிக் கேட்க உங்களுக்கே மனம் வராது.

ஏர்கானை அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள். மேல்மாடியில் ஆள் நடந்தால் பலகை முனகுகிறதா என்று கேட்கும். மரத்தளம் முனகுவது பழுதில்லை. அதை யாரும் சரிசெய்து தர மாட்டார்கள். தலைக்கு மேலேயே நடமாட்டம் கேட்டால், இருப்பதிலேயே மேல்மாடி அறைக்கு மாற்றிக் கேளுங்கள்.

அடுத்து மூக்கு. ஈர வாடை அடித்தால், சுவரின் அடிப்பகுதியைத் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பாருங்கள். பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, விரலால் தொட்டால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறதா? அந்தக் காலத்துச் செங்கல் சுவரில் நிலத்து ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு இல்லை. ஈரம் மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை அது காற்றில் உலர்ந்துவிடும். பிறகு வந்தவர்கள் மேலே சிமெண்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் பூசியதும் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, உப்பாகப் பூக்கிறது. வாசனைத் தெளிப்பான் அடித்தால் போகாது. ஈரம் கீழ்த்தளத்தில்தான் அதிகம் என்பதால் மேல்மாடி அறை கேளுங்கள்.

மூன்றாவது குளியலறை. மரத்தளத்தின் மேல் குழாய் ஓட இடம் வேண்டும் என்பதால் பல இடங்களில் குளியலறைத் தரை ஒரு படி உயரமாக இருக்கும். இரவில் எழுந்து போகும்போது காலை இடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஷவரை இரண்டு நிமிடம் திறந்துவிட்டுப் பாருங்கள். தண்ணீர் கண்ணாடித் தடுப்புக்கு அடியில் வழிந்து மரப்பலகைக்கு வந்தால் உடனே சொல்லிவிடுங்கள். மறுநாள் பலகை ஊறிக் கிடந்தால் பழி உங்கள் மேல் விழும்.

இந்தியாவிலிருந்து வருபவர்கள் மூன்று சதுர முனை கொண்ட பிளக்குக்கு மாற்றி கொண்டு வாருங்கள். மின்னழுத்தம் 230 வோல்ட்தான், கருவிக்கு ஒன்றும் ஆகாது. குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம்.

தங்கியிருக்கும்போது

மர ஜன்னலுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள் இருக்கும். கீழ்த்தாழை முதலில் தூக்கி, பிறகு மேல்தாழை இறக்கி, இரண்டு கதவுகளையும் சேர்த்து மெல்லத் தள்ளுங்கள். மழைக்காலத்தில் மரம் ஊதி இறுகியிருக்கும். திறக்காவிட்டால் தோளால் முட்டாதீர்கள், கீல் பெயர்ந்துவிடும். வரவேற்பில் சொன்னால் பழகிய கை வந்து திறந்துவிடும். இரவில் திறந்து வைத்துத் தூங்க வேண்டாம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ராப் பக்கமிருந்து விடியலுக்கு முன் திடீர்க் காற்றும் மழையும் வரும். கண் விழிப்பதற்குள் மெத்தை நனைந்திருக்கும். ஏர்கான் ஓடும்போதும் ஜன்னல் மூடியே இருக்கட்டும். வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் வியர்த்து, கண்ணாடியில் வழியும்.

அறையில் ஊதுபத்தி, விளக்கு ஏற்றும் பழக்கம் உள்ளவர்கள் இங்கே அதை விட்டுவிடுங்கள். தாழ்ந்த கூரையில் புகை உணரி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், தளம் மரம். கும்பிட வேண்டுமென்றால் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. சைனாடவுன் என்று பெயர்தானே தவிர, சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1827ல் தொடங்கிய மாரியம்மன் கோயில், அதற்குப் பக்கத்திலேயே ஜாமியா சூலியா பள்ளிவாசல், தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் நாகூர் தர்கா, கியோங் சைக் ரோட்டில் லயன் சித்தி விநாயகர் எல்லாம் நடக்கும் தூரம். கோயில்கள் நண்பகலுக்குப் பிறகு நடை சாத்தி மாலையில்தான் திறக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

காலை உணவைச் சேர்த்துப் பதிவு செய்வது பெரும்பாலும் வீண்செலவு. சிறு ஹோட்டல்களில் முட்டை, ரொட்டி, பழம், கோப்பியோடு முடிந்துவிடும். தேக்கா பக்கம் தங்கினால் தேக்கா நிலையத்தில் தோசையும் தே தாரிக்கும் (ஆற்றிய பால் டீ) கிடைக்கும். 1947லிருந்து இருக்கும் கோமள விலாஸும் பக்கத்தில்தான். சைனாடவுனில் சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் முன்பே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

முன்வாசலில் இருக்கும் மூடிய நடைபாதையை இங்குள்ளவர்கள் அஞ்சடி என்பார்கள். 1822ல் ராஃபிள்ஸ் நகரத் திட்டம் வகுத்தபோதே ஒவ்வொரு வீட்டின் முன்னும் தொடர்ச்சியான கூரை வழி வேண்டும் என்று விதித்ததன் விளைவு இது. மழையில் நனையாமல் நடக்கலாம். ஆனால் கட்டடத்துக்குக் கட்டடம் மட்டம் மாறும், பழைய ஓடுகள் ஈரத்தில் வழுக்கும். சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு இதில் போகாதீர்கள், தூக்க வேண்டி வரும்.

கிளம்பும் நாளில்

இந்த ஹோட்டல்களுக்குக் கார் நிற்கும் முகப்பு கிடையாது, வாசலிலேயே தெரு. மஞ்சள் கோடு போட்ட இடத்தில் ஓட்டுநர் காத்திருக்க மாட்டார். செயலியில் அழைக்கும்போது தெரு எண்ணை நம்பாமல், எங்கே நிற்கச் சொல்லலாம் என்று வரவேற்பில் கேட்டு அந்த இடத்தைக் குறியுங்கள். பெட்டிகளோடு ஐந்து நிமிடம் முன்னதாகவே கீழே இறங்கி நில்லுங்கள். விடிகாலை விமானம் என்றால், நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை மீட்டர் டாக்சிக்கு 50 விழுக்காடு கூடுதல் என்பதையும் கணக்கில் வையுங்கள். வரவேற்பில் இரவு ஆள் இல்லாத ஹோட்டலில், முந்திய மாலையிலேயே கணக்கை முடித்து, அட்டையில் பிடித்து வைத்த முன்பணத்தை விடுவிக்கச் சொல்லி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். டெபிட் அட்டையில் அந்தப் பணம் திரும்பச் சில நாள் ஆகும். முடிந்தால் கிரெடிட் அட்டையையே கொடுங்கள்.