தனியார் பள்ளியில் 25 சதவீத இடம்: குழந்தைக்குக் கேட்டு வாங்குவது எப்படி?

"எங்கள் பள்ளி, யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் விருப்பம்." சேர்க்கைக் காலத்தில் பள்ளி அலுவலக ஜன்னலுக்கு வெளியே நிற்கும் பெற்றோருக்குப் பழகிப்போன பதில் இது. அதில் பாதி உண்மை. பள்ளி நடத்துவது அரசியலமைப்பின் 19(1)(ஜி) பிரிவு தரும் தொழில் சுதந்திரத்துக்குள் வரும் என்று 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வே சொல்லியிருக்கிறது. ஆனால் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 12(1)(சி) பிரிவில், அந்தச் சுதந்திரத்துக்கு ஓர் எல்லை போட்டது: அரசு உதவி பெறாத தனியார் பள்ளியும் தொடக்க வகுப்பின் இடங்களில் குறைந்தது 25 சதவீதத்தை அக்கம்பக்கத்து எளிய குடும்பக் குழந்தைகளுக்கு இலவசமாகத் தர வேண்டும். ராஜஸ்தான் தனியார் பள்ளிகள் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போயின. 2012 ஏப்ரல் 12-இல் மூன்று நீதிபதிகளில் இருவர் சட்டம் செல்லும் என்றார்கள். அரசிடம் பணம் வாங்காதவர் மீது இந்தச் சுமையை ஏற்றக் கூடாது என்பது நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணனின் மாறுபட்ட தீர்ப்பு. அந்த வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆனாலும் மூன்று வயதுக் குழந்தை எந்த வகுப்பறையில் உட்கார வேண்டும் என்பதை அப்பாவின் சம்பளம் மட்டுமே முடிவு செய்வதை எங்களால் ஏற்க முடியவில்லை. நீங்கள் கேட்கப் போவது சலுகை அல்ல, குழந்தைக்குச் சட்டம் தந்த இடம். அந்த நினைப்போடு போய் நில்லுங்கள்.

முதலில் பள்ளியைப் பாருங்கள். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தக் கடமை கிடையாது. 2014-இல் பிரமதி வழக்கின் தீர்ப்பு அதை உறுதி செய்தது. மதச் சிறுபான்மை மட்டுமல்ல, தெலுங்கு, மலையாளம் போன்ற மொழிச் சிறுபான்மை நிர்வாகங்களும் இதில் அடங்கும். பெயர்ப் பலகையை வைத்து முடிவு கட்டாதீர்கள். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் சேர்க்கை இணையதளத்தில் உள்ள பட்டியலில் அந்தப் பள்ளி இருக்கிறதா, எத்தனை இடம் காட்டுகிறது என்று பாருங்கள். எல்.கே.ஜி.யில் 60 இடம் என்றால் 15 காட்ட வேண்டும்.

நுழைய இரண்டு வாசல்கள் உண்டு. எஸ்.சி., எஸ்.டி., பி.சி., எம்.பி.சி. குழந்தைகள் "வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்". இவர்களுக்குச் சாதிச் சான்றிதழ் போதும், வருமான வரம்பு கிடையாது. இது தெரியாமல் "எங்கள் வருமானம் அதிகம்" என்று விண்ணப்பிக்காமலே விடுகிறவர்கள் ஏராளம். ஆதரவற்ற குழந்தை, மாற்றுத்திறன் கொண்ட குழந்தை, திருநங்கை அல்லது திருநம்பி, எச்.ஐ.வி. பாதிப்புள்ள குழந்தை, தூய்மைப் பணியாளரின் குழந்தை ஆகியோருக்கு முன்னுரிமை உண்டு. அதற்கான சான்றைத் தனியே வைக்க வேண்டும். இரண்டாவது வாசல் "நலிவடைந்த பிரிவினர்": எந்தச் சாதியானாலும் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

வயதுக் கணக்கு ஜூலை 31-ஐ வைத்து. அன்று எல்.கே.ஜி.க்கு 3 வயது முடிந்திருக்க வேண்டும், 4-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. ஒன்றாம் வகுப்புக்கு 5 முடிந்து 6-க்குள். 2024-25 சேர்க்கையில் எல்.கே.ஜி.க்கு 1.8.2020 முதல் 31.7.2021 வரை பிறந்தவர்கள் தகுதி பெற்றார்கள். கல்வியாண்டுக்கு ஒன்றாகக் கூட்டிக்கொள்ளுங்கள். எல்.கே.ஜி. உள்ள பள்ளியில் வாசல் எல்.கே.ஜி. மட்டுமே. அதைத் தவறவிட்டு இரண்டாம் வகுப்பில் கேட்டால் கிடைக்காது.

தூரம் 1 கிலோமீட்டர். விண்ணப்பத்தில் வரைபடத்தில் வீட்டைக் குறிக்கச் சொன்னால், கணினி மையத்தில் இருப்பவர் கைபோன இடத்தில் குத்திவிட விடாதீர்கள். உங்கள் தெருவைத் தேடி, வீட்டின் மேல் புள்ளி விழுகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். அடுத்த தெருவில் விழுந்தாலே பக்கத்துப் பள்ளி எல்லைக்கு வெளியே போய்விடலாம்.

பெரும்பாலான விண்ணப்பங்கள் அடிபடுவது காகிதத்தில்தான். பிறப்புச் சான்றிதழை இன்றே எடுத்துப் பாருங்கள். பலருடைய சான்றிதழில் குழந்தையின் பெயர் இருக்கும் இடம் வெற்றாக இருக்கும், ஏனென்றால் ஆஸ்பத்திரியில் பதியும்போது பெயர் வைத்திருக்க மாட்டார்கள். பிறந்து ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம், அதன்பின் தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். அடுத்து, அப்பாவின் பெயர் பிறப்புச் சான்றில் ஒரு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து, குடும்ப அட்டையில் இனிஷியல் மட்டும் என்று இருந்தால் இப்போதே ஒன்றாக்குங்கள். வீட்டு முகவரிக்கும் இதே விதி: வாடகை வீடு மாறியவர்கள் பழைய முகவரி ஆதாரோடு போய் தூரக் கணக்கில் தோற்கிறார்கள்.

வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் அலுவலகம் என்று கோப்பு ஏறி இறங்க வேண்டும். விண்ணப்பம் வழக்கமாக ஏப்ரல் பிற்பகுதியில் திறந்து மே 20 வாக்கில் மூடுவதால் பிப்ரவரியிலேயே போட்டுவிடுங்கள். மத்திய அரசிடமிருந்து நிதி வராத சிக்கலில் 2025-இல் சேர்க்கை அக்டோபருக்குத் தள்ளிப்போனது. அதனால் தேதியை ஒவ்வொரு ஆண்டும் பார்த்துக்கொள்ளுங்கள், சான்றிதழ்கள் மட்டும் தயாராக இருக்கட்டும்.

இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் பள்ளியிலேயே குலுக்கல். கட்டாயம் நேரில் போங்கள், பதிவு எண்ணைக் கையில் வைத்திருங்கள். தேர்வானவர் பட்டியலையும் காத்திருப்போர் பட்டியலையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னே இருப்பவர் சேராவிட்டால் உங்கள் முறை வரும். அப்போது அந்தப் படம்தான் சாட்சி.

குழந்தையிடமோ உங்களிடமோ நேர்முகத் தேர்வு வைக்கக் கூடாது. மீறினால் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி முதல் முறை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்து 50,000 வரை அபராதம். "இடமில்லை" என்று வாயால் சொன்னால், அதை எழுதித் தரக் கேளுங்கள். தர மறுத்தால் தேதி, நேரம், சொன்னவரின் பதவி ஆகியவற்றை எழுதி, மாவட்டக் கல்வி அலுவலரிடம் (தனியார் பள்ளிகள்) மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 14417 உதவி எண்ணும் இருக்கிறது. அங்கும் நகராவிட்டால் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம்.

சேர்ந்த பிறகு வரும் தொல்லை பணம். "அரசு இன்னும் எங்களுக்குப் பணம் தரவில்லை, நீங்கள் கட்டுங்கள், வந்ததும் தருகிறோம்" என்பார்கள். அரசு தாமதிப்பது பள்ளிக்கு உண்மையான கஷ்டம்தான். ஆனால் அது அரசுக்கும் பள்ளிக்கும் இடையிலான கணக்கு. அதற்குக் குழந்தையை வெளியே நிறுத்த முடியாது. புத்தகம், சீருடை, ஸ்மார்ட் கிளாஸ் என்று கேட்டால், எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதிய ரசீது கேளுங்கள். ரசீது கேட்டாலே பாதித் தொகை காணாமல் போகும். குழந்தையைத் தனிப் பிரிவில், தனி நேரத்தில், தனி வரிசையில் உட்கார வைப்பதும் கூடாது. வாரம் ஒருமுறை "பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள்?" என்று குழந்தையிடம் கேளுங்கள்.

இலவசம் எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து முழுக் கட்டணம் கேட்பார்கள், எனவே ஏழாம் வகுப்பிலேயே யோசியுங்கள். இந்த 25 சதவீதத்தில் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால், மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு. 2020-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் இவர்களையும் சேர்த்தே வரையறுக்கிறது. அதற்கு, எட்டு வரை படித்தது 12(1)(சி) பிரிவின் கீழ்தான் என்று பள்ளியிடம் எழுதி வாங்கிய சான்று வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வாங்கும் அன்றே அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.