‘பாதுகாப்பு இரகசியம்’ என்று கதவைச் சாத்தினால், மலையகத்தில் இருந்து எப்படிக் கணக்குக் கேட்பது

இராணுவத் தகவலையோ புலனாய்வுத் தகவலையோ ஒரு அதிகாரி கவனக்குறைவாகக் கசியவிட்டாலும் சரி, கைக்கு வந்த எச்சரிக்கையைக் கோப்புக்குள் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாலும் சரி, பின்னால் நாம் கேட்கும்போது வருகிற பதில் ஒன்றுதான்: அது தேசிய பாதுகாப்பு, சொல்ல முடியாது. அதைக் கேட்டதும் நம்மில் பெரும்பாலானோர் வாயை மூடிக்கொண்டு திரும்பிவிடுகிறோம். திரும்ப வேண்டியதில்லை. இரகசியத்துக்குள் என்ன இருந்தது என்று கேட்கவே வேண்டாம். அதை யார் வாங்கினார், எப்போது வாங்கினார், அடுத்து யாருக்கு அனுப்பினார், எந்த விதிப்படி அனுப்பினார், விதி மீறப்பட்டிருந்தால் அவர் மேல் என்ன நடவடிக்கை, இவ்வளவுதான் நம் கேள்வி. இதற்குப் பதில் சொன்னால் எந்த முகாமும் ஆபத்தில் விழாது, எந்தச் சிப்பாயின் உயிரும் போகாது. சங்கடப்படுவது அந்தக் கதிரையில் இருந்தவர் மட்டும்தான்.

அட்டனிலும் தலவாக்கலையிலும் இருக்கிற நமக்கு ஏன் இந்த வேலை என்று கேட்பவர்கள் 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதலை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 4ஆம் திகதியே வெளிநாட்டுப் புலனாய்வு எச்சரிக்கை அரச புலனாய்வுச் சேவைக்கு வந்துவிட்டது. 9ஆம் திகதி தேசிய புலனாய்வுப் பிரதானி அதைப் பொலிஸ் மா அதிபருக்கு எழுத்தில் அனுப்பினார். 11ஆம் திகதி ஒரு பிரதிப் பொலிஸ் மா அதிபர் சில பாதுகாப்புப் பிரிவுகளுக்குக் கடிதம் போட்டார், அதில் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானின் பெயரே இருந்தது. 21ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை தேவாலயங்களுக்குப் போன மக்களுக்கு மட்டும் எதுவும் தெரியாது. அன்று 260க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். குண்டு வெடித்த தேவாலயங்களில் ஒன்றான கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலைச் சுற்றி நம் மலையகத்தில் இருந்து வேலைக்கும் வியாபாரத்துக்கும் போய்க் குடியேறிய குடும்பங்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

எச்சரிக்கையை மேசைக்கு மேசை தள்ளியது ஒரு வகைத் தவறு. இரகசியத்தை வெளியே கொட்டியது இன்னொரு வகை. 2002 ஜனவரியில் அத்துருகிரியவில் இராணுவப் புலனாய்வுப் பிரிவு நடத்திய மறைவிடம் ஒன்றைப் பொலிஸார் சுற்றிவளைத்தார்கள். போனது கண்டிப் பொலிஸ் அதிகாரிகள் தலைமையிலான குழு. உள்ளே இருந்த இராணுவத்தினரைக் கைது செய்தார்கள், விஷயம் ஊடகங்களுக்கும் போனது. அந்த மறைவிடத்தோடு தொடர்பில் இருந்து தகவல் கொடுத்தவர்கள், அவர்களில் பலர் தமிழர்கள், அதற்குப் பிறகு ஒவ்வொருவராகக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் யார் பக்கம் நின்றார்கள் என்பது இங்கே கேள்வியே இல்லை. அரசை நம்பிப் பெயரைக் கொடுத்தவனின் பெயரைக் காக்க அந்த அரசுக்குத் தெரியவில்லை என்றால், யாராவது பொறுப்புக் கூற வேண்டும். ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று விசாரித்தது. ஆனால் செத்தவர்கள் வீட்டுக்கு அதனால் என்ன வந்தது என்று நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் ஒரு கொப்பியை எடுத்துத் திகதி வரிசை எழுதுங்கள். இடது பக்கம் திகதி, வலது பக்கம் பகிரங்கமாகத் தெரிந்த விஷயம், அதற்குப் பக்கத்தில் அது எங்கே வந்தது: பத்திரிகையா, பாராளுமன்றப் பேச்சுப் பதிவான ஹன்சார்டா, ஆணைக்குழு அறிக்கையா, நீதிமன்றத் தீர்ப்பா. வாட்ஸ்அப்பில் வந்ததை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். எழுதி முடித்துப் பார்த்தால் நடுவில் ஓட்டைகள் தெரியும். 4ஆம் திகதி வந்தது, 9ஆம் திகதி போனது, இடையில் ஐந்து நாள் என்ன நடந்தது? அந்த ஓட்டைதான் உங்கள் கேள்வி. இதைச் செய்யாமல் கோபத்தோடு நேரே கடிதம் எழுதினால் “பாதுகாப்பு நிலைமை குறித்து விளக்கம் தருக” என்று பொத்தாம் பொதுவாகத்தான் வரும், அதற்கு அவர்களும் பொத்தாம் பொதுவாகவே பதில் எழுதுவார்கள்.

அடுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். பாதுகாப்பு அமைச்சு, பொலிஸ், முப்படை எல்லாம் இதற்குள் அடங்கும். விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது, ஏன் கேட்கிறீர்கள் என்று காரணமும் சொல்ல வேண்டியதில்லை. இந்த உரிமை குடிமக்களுக்கானது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரைக்கும் அதற்காகக் காத்துக்கிடந்த சமூகம் நாம். நம் பாட்டன் பாட்டிக்கு இல்லாத இந்த உரிமையைப் பயன்படுத்தாமல் விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

தமிழிலேயே எழுதுங்கள். சிங்களத்தில் எழுதினால்தான் வேலை நடக்கும் என்று யாராவது பயமுறுத்தினால் கேட்காதீர்கள், அரசோடு தமிழில் எழுதிப் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. கடிதம் இப்படி இருக்கலாம்:

“தகவல் அலுவலர், பாதுகாப்பு அமைச்சு. ....ஆம் திகதி பகிரங்கமான .... சம்பவம் தொடர்பாகப் பின்வரும் தகவல்களைக் கோருகிறேன். ஒன்று, குறித்த தகவல் உங்கள் அமைச்சுக்குக் கிடைத்த திகதியும் நேரமும். இரண்டு, அது அனுப்பப்பட்ட அலுவலகங்களின் பதவிப் பெயர்களும் அனுப்பிய திகதிகளும். மூன்று, இவ்வாறான தகவல்களைக் கையாள்வதற்கு நடைமுறையில் உள்ள சுற்றறிக்கையின் இலக்கமும் திகதியும். நான்கு, இது தொடர்பில் உள்ளக விசாரணை நியமிக்கப்பட்டதா, ஆம் எனில் நியமித்த திகதி, முடிந்த திகதி, விதந்துரைகள். ஐந்து, எடுக்கப்பட்ட ஒழுக்காற்று நடவடிக்கை. புலனாய்வுத் தகவலின் உள்ளடக்கத்தையோ, மூலத்தையோ, எந்த நபரின் பெயரையோ நான் கோரவில்லை.”

அந்தக் கடைசி வசனத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். சட்டத்தின் 5ஆம் பிரிவில், வெளியிட்டால் நாட்டின் பாதுகாப்புக்குப் பாதகம் வரும் என்றால் மறுக்கலாம் என்று இருக்கிறது. நீங்கள் உள்ளடக்கத்தைக் கேட்கவில்லை என்று முதலிலேயே எழுதிவிட்டால், மறுப்பவர்தான் ஒரு திகதியைச் சொல்வது நாட்டுக்கு எப்படிப் பாதகம் என்று விளக்க வேண்டி வரும். அதே 5ஆம் பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது: வெளியிடுவதால் வரும் பொதுநலன் பாதகத்தைவிடப் பெரிதாக இருந்தால் மறுக்கக் கூடாது. அதோடு, ஒரு ஆவணத்தின் ஒரு பகுதி மட்டும்தான் இரகசியம் என்றால் மிச்சத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். முழுக் கோப்பையும் தூக்கி ஒளிக்க முடியாது.

தபால் விஷயத்தில் கவனமாக இருங்கள். லயத்து முகவரிக்கு வரும் கடிதம் தோட்டத்து ஆபீஸில் கிடந்து, யார் கையிலோ மாறி, கடைசியில் வந்து சேராமலே போவது நமக்குப் புதிதில்லை. இந்தச் சட்டத்தில் எல்லாமே நாள் கணக்கு, ஒரு பதில் இரண்டு வாரம் பிந்தி உங்கள் கைக்கு வந்தால் மேன்முறையீட்டு நாள் போய்விடும். அதனால் டவுனில் நம்பிக்கையான கடைக்காரரின் முகவரியையோ, கோயில், பாடசாலைப் பக்கம் தெரிந்த ஒருவரின் முகவரியையோ அவர் சம்மதத்தோடு கொடுங்கள். அனுப்பும்போது பதிவுத் தபாலில் அனுப்பி அந்தத் துண்டைக் கொப்பியில் ஒட்டி வையுங்கள். நேரில் கொடுத்தால் ஏற்றுக்கொண்டதற்கான கடிதம் கேளுங்கள், தகவல் அலுவலர் அதைக் கொடுத்தாக வேண்டும்.

14 வேலை நாட்களுக்குள் தருவோமா மாட்டோமா என்று சொல்ல வேண்டும். மறுத்தாலோ, பதிலே இல்லாவிட்டாலோ, 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அவரும் மறுத்தால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. அங்கே தாங்கள் சட்டப்படிதான் மறுத்தோம் என்று நிரூபிக்க வேண்டியது அரச நிறுவனம், நீங்கள் இல்லை.

இதோடு எம்.பி.யையும் பிடியுங்கள். நுவரெலியா மாவட்டத்துக்கு 8 பேர், பதுளைக்கு 9 பேர். வாக்குக் கேட்டு வரும்போது லயம் லயமாக ஏறி இறங்குகிறவர்களிடம் ரோட்டும் தண்ணீரும் வீடும் மட்டும்தான் கேட்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் “இதைப் பற்றிப் பாராளுமன்றத்தில் பேசுங்கள் ஐயா” என்றால் ஆகட்டும் என்பார், அதோடு முடிந்துவிடும். ஒரு தாளில் ஒரே ஒரு கேள்வியை எழுதி, வாய்மூல விடைக்கான கேள்வியாக அமைச்சரிடம் கேட்கச் சொல்லிக் கொடுங்கள். திகதி வரிசையின் பிரதியையும் இணையுங்கள். சங்கத் தலைவர் மூலமாகப் போனாலும் சரி, நேரே போனாலும் சரி, பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். ஆளும் கட்சிக்காரர் ஒருவருக்கும் எதிர்க்கட்சிக்காரர் ஒருவருக்கும் ஒரே கேள்வியைக் கொடுப்பது நல்லது. அமைச்சர் சொல்கிற பதில் ஹன்சார்டில் ஏறிவிடும், பிறகு மாற்றிப் பேசினால் எடுத்துக் காட்டலாம். பொதுமனுக் குழுவுக்கு மனுப் போடுவதென்றாலும் அது ஒரு எம்.பி. மூலமாகத்தான் போக வேண்டும்.

கேள்வியை எப்படிக் குறுக்கிக் கேட்பது என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று. 2025 மார்ச்சில் அமெரிக்காவின் தேசிய பாதுகாப்பு ஆலோசகர் மைக் வால்ட்ஸ், யேமன் தாக்குதலைப் பற்றிப் பேசிய, சிக்னல் என்ற செய்திச் செயலிக் குழுவில் ஒரு சஞ்சிகை ஆசிரியரைத் தவறுதலாகச் சேர்த்துவிட்டார். பாதுகாப்புச் செயலாளர் பீட் ஹெக்செத் தாக்குதல் நேரங்களையே அதில் எழுதினார். செய்தி வெளியான மறுநாளே செனட் குழு புலனாய்வுத் தலைவர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்டது. பிறகு செனட்டின் ஆயுதப்படைக் குழுவில் ஆளும் கட்சிக்காரரும் எதிர்க்கட்சிக்காரரும் சேர்ந்தே பாதுகாப்புத் திணைக்களத்தின் கண்காணிப்பாளர் நாயகத்திடம் விசாரணை கேட்டார்கள். அந்த விசாரணை தாக்குதல் சரியா பிழையா என்பதற்குள் போகவில்லை. இப்படியான செயலியை வேலைக்குப் பாவிப்பதில் திணைக்களத்தின் சொந்த விதி பின்பற்றப்பட்டதா, பதிவுகள் பாதுகாக்கப்பட்டனவா, அவ்வளவுதான். நம் எம்.பி.யின் கேள்வியும் அந்த அளவுக்கு ஒடுங்கியதாக இருக்க வேண்டும்.

பிரிட்டனில் நடந்தது இதற்கு நேர் எதிர். 2022 பெப்ரவரியில் அங்கே பாதுகாப்பு அமைச்சு ஊழியர் ஒருவர், பிரிட்டனுக்கு வர விண்ணப்பித்த ஏறத்தாழ 19,000 ஆப்கானியரின் விபரங்கள் இருந்த கோப்பைத் தவறுதலாக மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார். 2023 செப்டம்பரில் நீதிமன்றத் தடை வந்தது, கசிவு நடந்தது என்பதையே யாரும் சொல்லக் கூடாது என்று. 2025 ஜூலையில்தான் அது நீங்கியது. கிட்டத்தட்ட இரண்டு வருடம் பாராளுமன்றத்தால் கேள்விகூடக் கேட்க முடியவில்லை. ஆட்களைக் காப்பாற்ற ஆரம்பித்த இரகசியம் எந்த நாளில் அமைச்சைக் காப்பாற்றும் இரகசியமாக மாறியது என்று அங்கே இப்போதும் கேட்கிறார்கள். நாமும் நம் அதிகாரிகளிடம் அதைக் கேட்கலாம்: இது இன்னும் எத்தனை நாளைக்கு இரகசியம், அதை மீளாய்வு செய்வது யார்?

நீதிமன்றம் கடைசிப் படி, ஆனால் அதற்குத்தான் நாள் மிகக் குறைவு. அடிப்படை உரிமை மீறல் மனுவை உரிமை மீறப்பட்ட ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவுக்குக் கண்டியிலும் பதுளையிலும் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. சட்டத்தரணிக்குப் பணம் இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேளுங்கள்.

குற்ற வழக்குத் தோற்றால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். உயிர்த்த ஞாயிறு விவகாரத்தில் முன்னாள் பொலிஸ் மா அதிபர் பூஜித ஜயசுந்தரவையும் முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் ஹேமசிறி பெர்னாண்டோவையும் 2022 பெப்ரவரியில் மேல் நீதிமன்றம் விடுவித்தது. ஆனால் பாதிக்கப்பட்ட குடும்பங்களும் மதகுருமாரும் சட்டத்தரணிகளும் போட்டிருந்த உரிமை மனுக்களில், 2023 ஜனவரி 12ஆம் திகதி ஏழு நீதியரசர்கள் வேறு தீர்ப்புச் சொன்னார்கள். முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபா, ஜயசுந்தரவும் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் பணிப்பாளர் நிலந்த ஜயவர்தனவும் தலா 75 மில்லியன், பெர்னாண்டோ 50 மில்லியன், அப்போதைய தேசிய புலனாய்வுப் பிரதானி சிசிர மெண்டிஸ் 10 மில்லியன், அவரவர் சொந்தப் பணத்தில் கட்ட வேண்டும் என்று. ஜயவர்தன 2025 ஜூலையில் பொலிஸ் சேவையில் இருந்தே நீக்கப்பட்டார். பதவியில் இருந்த ஜனாதிபதி பதவி போன பிறகு பதில் சொல்ல வேண்டி வந்தது. தீர்ப்புக்குக் கிட்டத்தட்ட நான்கு வருடமும் ஜயவர்தனவின் நீக்கத்துக்கு ஆறு வருடமும் எடுத்தது உண்மைதான். அத்தனை வருடமும் அந்தக் குடும்பங்கள் தங்கள் கோப்பைக் கீழே வைக்கவில்லை.

இன்னும் ஒன்று, இதைத் தயவுசெய்து சாதாரணமாக எடுக்காதீர்கள். கசிந்த ஆவணம் ஏதாவது உங்கள் போனுக்கு வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள், முகநூலில் போடாதீர்கள். 1955ஆம் ஆண்டின் அரச இரகசியச் சட்டம் இருக்கிறது, 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் இருக்கிறது, 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது. யுத்த காலத்தில் நம் பிள்ளைகள் எவ்வளவு சின்னக் காரணத்துக்கெல்லாம் உள்ளே போனார்கள் என்பதைத் தோட்டத்துப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். சட்டப் பயம் ஒரு பக்கம், அந்த ஆவணத்தில் ஒரு மனிதனின் பெயர் இருந்தால் நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு பிரதியும் அவனைத் தேடுகிறவன் கைக்குப் போகலாம். ஆவணம் உண்மையிலேயே முக்கியம் என்று தோன்றினால் ஒரு சட்டத்தரணியிடம் நேரில் காட்டி, அடுத்து என்ன செய்வது என்று அவரிடம் கேளுங்கள்.

கடிதத்தில் ஒருவர் பெயர் போட்டால் அவர் தனியாக நிற்க வேண்டி வரும். தோட்டத்தில் வேலை செய்பவர் என்றால் அந்தப் பயம் நியாயமானது. ஆகவே ஒரே கேள்வியை மூன்று நான்கு பேர் வெவ்வேறு ஊரில் இருந்து, பொகவந்தலாவையில் இருந்து ஒன்று, அப்புத்தளையில் இருந்து ஒன்று, கண்டியில் படிக்கும் பிள்ளையிடம் இருந்து ஒன்று என்று தனித்தனியாக அனுப்புங்கள். பதில்கள் வந்ததும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவருக்கு மறுத்த திகதியை இன்னொருவருக்குக் கொடுத்திருந்தால், அந்த இரண்டு கடிதத்தையும் இணைத்து மேன்முறையீட்டை எழுதலாம்.