ஸ்கூலுக்கு காசு வர்றப்ப நம்ம பை ரெடியா இருக்கணும்

மொதல்ல ஒரு ரெக்ஸின் பை வாங்குங்க, கோயில் கமிட்டிக்காரங்க கணக்கு நோட்டு வச்சிருப்பாங்களே அந்த மாதிரி ஜிப்பு வச்சது. சிரிக்காதீங்க. நான் ஆறு வருஷமா எங்க ஊரு ஊராட்சி ஒன்றியப் பள்ளியில பள்ளி மேலாண்மைக் குழுவுல இருக்கேன், அதான் எஸ்எம்சி, இந்த ஆறு வருஷத்துல பார்த்ததுல எந்த ஸ்கூலுக்கு காசு வந்துச்சு எதுக்கு வரலங்கிறது பெரும்பாலும் அந்தப் பைக்குள்ள என்ன இருந்துச்சுங்கிறதப் பொறுத்துதான் இருந்துச்சு. எம்எல்ஏ நம்ம சொந்தக்காரரா இல்லையாங்கிறது அதுக்கப்புறம்தான்.

ஊக்க நிதின்னு பேப்பர்ல போடுறாங்களே அது என்னன்னா, பணப்புழக்கம் நின்னு போச்சுன்னா அரசாங்கமே கடன வாங்கியாவது செலவு பண்ணி சிமெண்ட் கடைக்காரர், கொத்தனார், லாரி டிரைவர்னு எல்லார் கையிலயும் நாலு காசு புரள வைக்கிறது. சீக்கிரமா செலவாகணும், அதுதான் அவங்க அவசரம். அமெரிக்காவுல 2009 பிப்ரவரியில ஒபாமா கையெழுத்துப் போட்டாரே 78,700 கோடி டாலர் திட்டம், அதுல கட்டட வேலைன்னு வந்தப்ப காகித வேலை எல்லாம் முடிஞ்சு மம்பட்டி போட ரெடியா இருக்கிறதுக்குத்தான் மொதல் இடம்னு பேசுனாங்க. நம்ம நாட்டுலயும் கொரோனா வந்த 2020ல மத்திய அரசு மாநிலங்களுக்கு 50 வருஷத்துக்கு வட்டியில்லாக் கடன்னு 12,000 கோடி ஒதுக்குச்சு, அது கட்டடம் ரோடு மாதிரி நிக்கிற சொத்துக்கு மட்டும்தான், சம்பளத்துக்கு இல்ல. ஆக இந்த மாதிரி காசு திடீர்னு வரும், கேக்குறப்ப கையில பேப்பர் இருக்கிறவனுக்குப் போகும், நம்ம அப்புறம் பார்த்துக்கலாம்னு இருந்தா பக்கத்து ஊருக்குப் போயிடும்.

சரி பைக்குள்ள என்ன வைக்கணும். ஸ்கூலோட யூடைஸ் நம்பர், அதாவது நாட்டுல ஒவ்வொரு ஸ்கூலுக்கும் அரசாங்கம் குடுத்திருக்கிற அடையாள நம்பர், 11 இலக்கம், ஹெச்எம் கிட்ட கேட்டா சொல்லுவாங்க. எமிஸ்ல, அதான் கல்வித்துறையோட ஆன்லைன் பதிவுல, இருக்கிற பிள்ளைங்க எண்ணிக்கை, மூணு வருஷத்துக்கு. எஸ்எம்சி தீர்மான நகல். கட்டடத்தோட ஃபோட்டோ, தேதி தெரியுற மாதிரி, வருஷத்துக்கு ரெண்டு தடவை, மழைக்கு முன்னாடி ஒண்ணு மழைக்கு அப்புறம் ஒண்ணு. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப எனக்குத் தெரிஞ்ச ஒரு ஹெச்எம் ஓடு பறந்த ஃபோட்டோவோட ஓடு இருந்த ஃபோட்டோவையும் சேர்த்துக் குடுத்தாரு, அவரு ஃபைல யாரும் கேள்வி கேக்கல. எங்ககிட்ட முன்னாடி எடுத்த ஃபோட்டோ ஒண்ணு கூட இல்ல, சுதந்திர தினத்துக்கு மிட்டாய் குடுக்குறப்ப எடுத்ததுல ஓரமா கொஞ்சூண்டு கூரை தெரிஞ்சுது, அதத்தான் பெருசாக்கிக் குடுத்தோம்.

இதுல ரொம்ப முக்கியம் இடத்துக்கான பேப்பர். டெல்டாவுல இது தனிக் கதை. பாதி ஸ்கூலு மிராசுதார் யாரோ அந்தக் காலத்துல வாய்வார்த்தையா குடுத்த இடத்துல நிக்குது, இல்லன்னா கோயில் இடம், மடத்து இடம், இல்லன்னா நத்தம். ஸ்கூலு எழுவது வருஷமா அங்கதான் இருக்கு, நாமளும் அங்கதான் படிச்சோம், ஆனா எந்த நிலம் யாரு பேர்லன்னு எழுதியிருக்கிற அ-பதிவேட்ட எடுத்துப் பார்த்தா வேற யாரோ பேரு இருக்கும். காசு ஒதுக்குனதுக்கு அப்புறம் இது தெரிஞ்சா வேலை அப்படியே நிக்கும். அதனால இப்பவே விஏஓ கிட்ட போயி சர்வே நம்பர் வாங்கி, பட்டா யாரு பேர்ல இருக்குன்னு பாருங்க, எஃப்எம்பி, அதான் நிலத்தோட அளவு போட்ட வரைபடம், ஒண்ணு எடுத்து வைங்க. கோயில் இடம்னா அறநிலையத்துறை கிட்ட அனுமதி வேணும், அதுக்கு நாளாகும், நிதி வர்றதுக்கு முன்னாடியே எழுதிப் போடுங்க. தானமா குடுத்தவங்க வாரிசு சென்னையிலயோ சிங்கப்பூர்லயோ இருப்பாங்க, பெரியவங்க உயிரோட இருக்கிறப்பவே பேசி தானப் பத்திரம் பதிஞ்சுக்குங்க, அடுத்த தலைமுறைக்குப் போச்சுன்னா சென்ட்டு என்ன விலைன்னு கேப்பாங்க, அவங்களயும் தப்பு சொல்ல முடியாது.

அடுத்தது எஸ்டிமேட். ஒன்றியப் பள்ளின்னா ஒன்றிய இன்ஜினியர், ஓவர்சீர் போடுவாங்க, ஹைஸ்கூல் ஹையர் செகண்டரின்னா பொதுப்பணித்துறை. இதுல நாங்க பட்ட அடிய சொல்றேன். எங்களுக்கு ரெண்டு வகுப்பறை சாங்ஷன் ஆச்சு, எல்லாரும் சந்தோஷத்துல பூஜை போட்டு கடக்கால் எடுத்தாச்சு. பக்கத்துத் தெரு கொத்தனார் ஒருத்தர், அவரு அந்த வேலையில கூட இல்ல, டீ குடிக்க வந்தவரு, நின்னு பார்த்துட்டு ட்யூப் லெவல், அதான் மட்டம் பார்க்குற தண்ணி ட்யூபு, எடுத்துட்டு வந்தாரு. ஒரு முனைய ரோட்டு மேல புடிச்சாரு, இன்னொரு முனைய நான் பேஸ்மட்டம் வரப்போற குறியில புடிச்சேன், தண்ணி ஆடி நின்னுச்சு, பார்த்தா குறி ரோட்ட விட ஒரு சாண் கீழ இருக்கு. "அண்ணே, ஐப்பசியில பிள்ளைங்க எல்லாம் கப்பல் விடலாம்ணே" அப்படின்னாரு. ஓவர்சீர் கிட்ட ஓடுனோம், அவரு எஸ்டிமேட்ட விரிச்சுக் காமிக்கிறாரு, மண் அடிக்கிறதுன்னு ஒரு வரியே இல்ல. இல்லாத வேலைக்கு எப்படி சார் பில்லு போடுறதுங்கிறாரு, அவரு சொல்றதும் நியாயம்தான். கடைசியில தலைக்கட்டுக்கு இவ்வளவுன்னு வசூல் பண்ணி நாங்களே சவுடு மண் அடிச்சோம், திருவிழா கச்சேரி அந்த வருஷம் கட்.

அதனால எஸ்டிமேட் போடுறப்ப கூடவே நில்லுங்க. ரோட்டு மட்டம் எங்க, போன மழையில தண்ணி எது வரைக்கும் நின்னுச்சுன்னு சுவத்துல இருக்கிற கறைய காட்டுங்க. ரோடு அடுத்த தடவை போடுறப்ப இன்னும் ஏறும், அதையும் சேர்த்து பேஸ்மட்டம் ஏத்தச் சொல்லுங்க. நம்ம களிமண்ணு வெயில்ல வெடிக்கும் மழையில உப்பும், சாதாரண கடக்கால் போட்டா மூணாவது வருஷம் சுவத்துல விரல் நுழையும், அதுக்கு என்ன மாதிரி அஸ்திவாரம்னு இன்ஜினியர கேளுங்க, கேக்குறதுல என்ன வெக்கம். கக்கூஸ்னா தண்ணி லைனும் செப்டிக் டேங்க்கும் எஸ்டிமேட்டுக்குள்ள இருக்கான்னு பாருங்க, தண்ணி இல்லாத கக்கூஸ் எத்தனை ஸ்கூல்ல பூட்டிக் கிடக்கு. கூரை, சமையல் கூடம் சம்பந்தப்பட்ட ஆபத்து எதுவா இருந்தாலும் அத தனி மனுவா மொதல்ல குடுங்க. 2004 ஜூலை 16 கும்பகோணத்துல ஸ்கூல் தீ விபத்துல 94 பிள்ளைங்கள பறிகொடுத்த மண்ணு இது, அந்த மனுவ யாரும் அசட்டையா ஓரமா வைக்க மாட்டாங்க.

இப்ப காசு எங்கெங்க இருக்குன்னு பார்ப்போம். வருஷா வருஷம் வர்றது ஒருங்கிணைந்த பள்ளி மானியம், மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து காசு போடுற சமக்ர சிக்ஷா திட்டத்துல இருந்து, பிள்ளைங்க எண்ணிக்கைய வச்சு. 30 வரைக்கும் 10,000 ரூபா, 100 வரைக்கும் 25,000, 250 வரைக்கும் 50,000, 1,000 வரைக்கும் 75,000, அதுக்கு மேல 1 லட்சம். இதுல 10 சதவீதமாவது சுத்தம் சுகாதாரத்துக்கு செலவு பண்ணணும். சின்னக் காசுதான், சாக்பீஸ், பல்பு, குழாய் வாஷர்னு போயிடும், மார்ச்சுக்குள்ள பில்லு வச்சிடுங்க. ஆனா இத மட்டும் நம்பி இருக்காதீங்க, 2024-25ல மத்திய அரசு பங்கு 2,152 கோடி தமிழ்நாட்டுக்கு வராம நின்னது எல்லாருக்கும் தெரியும், மேல யானைங்க முட்டிக்கிட்டா கீழ நம்ம நாத்துதான் மிதிபடுது.

பெரிய வேலைக்கு எம்பி நிதி, வருஷத்துக்கு 5 கோடி, எம்எல்ஏ நிதி 3 கோடி. எம்பி நிதி அந்த வருஷம் செலவாகலன்னா காலாவதி ஆகாது, அடுத்த வருஷத்துக்கு நிக்கும், அதனால பழைய மிச்சம் இருக்கான்னு கலெக்டர் ஆபீஸ்ல விசாரிங்க. மனு குடுக்குறப்ப "பள்ளி மேம்பாட்டுக்கு உதவ வேண்டும்"னு எழுதாதீங்க, அது கல்யாணப் பத்திரிகை மாதிரி, வாங்கி வச்சுட்டு மறந்துடுவாங்க. என்ன வேலை, எத்தனை அடி, எவ்வளவு லட்சம், எந்த சர்வே நம்பர், இந்த நாலும் மொதல் பக்கத்துல இருக்கணும். தேர்தல் தேதி அறிவிச்சுட்டா புது வேலை எதுவும் ஒதுக்க முடியாது, அதையும் மனசுல வச்சுக்குங்க. மாநில அரசு பக்கம் 2022-23 பட்ஜெட்ல பேராசிரியர் அன்பழகன் பேர்ல பள்ளி மேம்பாட்டுத் திட்டம்னு அஞ்சு வருஷத்துக்கு 7,000 கோடி சொன்னாங்க, வகுப்பறை, சுத்துச் சுவரு எல்லாம் அதுல வந்துச்சு.

எனக்கு ரொம்பப் புடிச்சது நமக்கு நாமே திட்டம். ஊரு மூணுல ஒரு பங்கு போட்டா மிச்சத்த அரசாங்கம் போடும், ஆதிதிராவிடர் குடியிருப்புப் பகுதின்னா அஞ்சுல ஒரு பங்கு போதும். அதாவது 6 லட்சம் வேலைக்கு நம்ம 2 லட்சம். கூத்தாநல்லூர், மன்னார்குடி, அதிராம்பட்டினம் பக்கம் எல்லாம் வீட்டுக்கு ஒருத்தர் வெளிநாட்டுல, பழைய மாணவர் வாட்ஸப் குரூப்புல ட்யூப் லெவல் ஃபோட்டோவப் போட்டா ரெண்டு லட்சம் ஒரு வாரத்துல சேரும், குட்மார்னிங் ஃபோட்டோ போடுற குரூப்புக்கு இதாவது வேலை. நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளின்னு 2022 டிசம்பர்ல ஆரம்பிச்ச திட்டத்துலயும் வெளியூர்ல இருக்கிறவங்க ஸ்கூல தேர்ந்தெடுத்து காசு போடலாம்.

காசு வந்தா எதுக்கு செலவு பண்றதுங்கிறதுல ஊருக்குள்ள சண்டை வரும். என் மச்சான் பொண்ணு அமெரிக்காவுல ஒரு ஸ்கூல்ல பிள்ளைங்களுக்கு வாசிப்பு சொல்லிக் குடுக்குற வேலையில சேர்ந்துச்சு, கொரோனா காசுல போட்ட போஸ்ட்டு. அங்க மூணு தவணையா சுமார் 19,000 கோடி டாலர் ஸ்கூலுங்களுக்கு ஒதுக்குனாங்க, 2021ல வந்த மூணாவது தவணையில அங்க ஸ்கூலுங்கள நடத்துற பள்ளி மாவட்டங்கள் அஞ்சுல ஒரு பங்காவது படிப்பு விட்டுப்போன பிள்ளைங்களுக்கு செலவு பண்ணணும்னு சட்டம். நல்ல விஷயம்தான், நம்ம இல்லம் தேடிக் கல்வியும் அதே 2021ல அதே காரணத்துக்குத்தான் வந்துச்சு, தன்னார்வலருக்கு மாசம் 1,000 ரூபா. ஆனா அங்க 2024 செப்டம்பர் 30க்குள்ள காசு எதுக்குன்னு ஒப்பந்தம் ஆகணும், அதோட முடிஞ்சுது, பொண்ணுக்கு வேலை போச்சு, பிள்ளைங்களுக்கு டீச்சர் போச்சு. ஒரு தடவை வர்ற காச மாசா மாசம் செலவு வர்ற விஷயத்துல போட்டா இப்படித்தான். ஒரு தடவை காசுக்கு ஒரு தடவை வேலை, சுவரு, தளம், வயரிங், போர்வெல், பெஞ்சு. ஆள் போட்டே ஆகணும்னா எத்தனை மாசத்துக்குன்னு அந்த ஆளுக்கும் பெத்தவங்களுக்கும் மொதல்லயே சொல்லிடுங்க.

ஒரு தடவை செலவுலயும் வால் இருக்கும், கவனிங்க. ஒரு ஸ்கூல்ல ஸ்மார்ட் போர்டு வந்து அட்டைப்பெட்டி பிரிக்காம எட்டு மாசம் கிடந்துச்சு, ஏன்னா எர்த்திங் இல்ல, மாட்டுனா ஷாக் அடிக்கும்னு ஹெச்எம் டீச்சருக்கு பயம், நியாயமான பயம். மொதல்ல வயரிங், அப்புறம் போர்டு.

காலேஜ் பத்தி சுருக்கமா. அரசு காலேஜுக்கு மத்திய அரசோட பிஎம்-உஷா, பழைய ரூசாவோட அடுத்த கட்டம், தேர்வாகிற காலேஜுக்கு 5 கோடி வரைக்கும், கட்டடம், லேப், ரிப்பேருக்கு. அங்க நாம வெளியில இருந்து மனு குடுத்து பெருசா ஒண்ணும் ஆகாது, பிரின்சிபாலும் நாக், அதான் காலேஜுக்கு தரம் போடுற அமைப்பு, அந்த வேலை பார்க்குற வாத்தியாரும்தான் ஓடணும். நம்மால முடிஞ்சது பிள்ளைங்க கைக்கு நேரா வர்ற காசு தப்பாம பார்க்குறது: அரசுப் பள்ளியில 6ல இருந்து 12 வரைக்கும் படிச்ச பொண்ணு காலேஜ் சேர்ந்தா புதுமைப் பெண்ல மாசம் 1,000 ரூபா, பையனுக்கு தமிழ்ப் புதல்வன். ஆதார்ல ஒரு இனிஷியல், எமிஸ்ல ஒரு இனிஷியல்னு இருந்தா மாட்டிக்கும், அத பத்தாவது படிக்கிறப்பவே சரி பண்ணிடுங்க.

வேலை நடக்குற மாசமும் முக்கியம். ஐப்பசி கார்த்திகையில கடக்கால் எடுத்தா தண்ணி எறைக்கிற கூலிதான் மிச்சம். வயல் நடுவுல இருக்கிற ஸ்கூலுக்கு லாரி போகாது, தை மாசம் சம்பா அறுத்தப்புறம் காஞ்ச வயல்ல டிராக்டர் இறங்கும், வயல்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்ப ஜல்லி கம்பி எல்லாம் அடிச்சிடுங்க. மாசியில ஆரம்பிச்சா கோடை லீவுக்குள்ள தளம் போட்டுடலாம்.

முடிஞ்சதும் கல்வெட்டுல யாரு பேரு மேல யாரு பேரு கீழங்கிற சண்டை வரும், அதுல தலையிடாதீங்க. அந்த நேரத்துல ஓவர்சீரோட எம் புக்குல, அதான் வேலை அளவு எழுதுற நோட்டுல, எழுதுன அளவும் கட்டுன அளவும் ஒண்ணான்னு டேப் புடிச்சுப் பாருங்க. காண்ட்ராக்டரோட டெபாசிட் கொஞ்சம் புடிச்சு வச்சிருப்பாங்க, அது ரிலீஸ் ஆகுறதுக்குள்ள ஒரு ஐப்பசி மழை பெய்யட்டும். பெய்யுற அன்னிக்கு குடையோட ஸ்கூலுக்குப் போங்க, ஒழுகுற இடத்துல எல்லாம் சாக்பீஸ்ல வட்டம் போட்டு ஃபோட்டோ எடுத்து பிரிண்ட் போட்டு பைக்குள்ள வைங்க.