பழைய மின்னஞ்சலை அவசரப்பட்டு அழிக்காதீர்கள்

ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு பீரோவை விற்க இணையத்தில் விளம்பரம் போட்டேன். பீரோ அந்த வாரமே போய்விட்டது. சென்ற ஆண்டு ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல் முன்பின் தெரியாத ஒருவர் அழைத்து, "பீரோ இருக்கா மேடம்?" என்றார். என் பெயர், எண், தெரு எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லாம் நானே எழுதி வைத்தவை. அன்று நான் தூங்கவில்லை.

மறுநாள் காலையில் எல்லாவற்றையும் சுத்தம் செய்ய உட்கார்ந்து, எடுத்த எடுப்பிலேயே ஒரு பெரிய தப்பு செய்தேன். கல்லூரிக் காலத்து மின்னஞ்சல் முகவரியைத் தொட்டே பல நாள் ஆகிறதே, முதலில் அது போகட்டும் என்று அழித்துவிட்டேன். என் பழைய அக்கவுன்ட்கள் பாதி அந்த முகவரியில் தொடங்கியவை. பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அழுத்தினால், மாற்றுவதற்கான இணைப்பு அங்கேதான் போகும். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது படம் பகிரும் தளம் ஒன்றில் போட்ட ஆல்பம் இன்றும் ஊரறியத் திறந்து கிடக்கிறது. என்னால் உள்ளே நுழைய முடியவில்லை. நான் இதை எழுதுவதே அந்த ஆல்பத்தால்தான்.

ஆகவே பழைய மின்னஞ்சலைச் சாவிக்கொத்தாக நினையுங்கள். எல்லாப் பூட்டையும் திறந்து மூடிய பிறகே அதை விடலாம். ஜிமெயில் என்றால் இன்றே ஒருமுறை உள்ளே போய் வாருங்கள். இரண்டு ஆண்டுகள் யாரும் தொடாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்று 2023-இல் கூகுள் விதியை மாற்றிவிட்டது.

அடுத்து, உங்களை நீங்களே தேடுங்கள். பிரவுசரில் ப்ரைவேட் விண்டோவைத் திறந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பழைய தேடல்களை வைத்து முடிவுகள் மாறலாம். பெயரை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். இனிஷியல் முன்னால் வைத்து ஒருமுறை, பின்னால் வைத்து ஒருமுறை, தமிழில் ஒருமுறை. ஆங்கில எழுத்தில் என் பெயரை நானே மூன்று விதமாக எழுதியிருக்கிறேன். மூன்றுக்கும் வேறு வேறு முடிவுகள் வந்தன. பிறகு கைபேசி எண்ணை இடைவெளி விட்டும் விடாமலும் தேடுங்கள். பழைய யூசர்நேம்களை மறக்கவேண்டாம். பதினெட்டு வயதில் வைத்த செல்லப்பெயரை ஐந்து தளங்களில் பயன்படுத்தியிருந்தேன். அந்த ஒரு சொல் ஐந்தையும் காட்டிக் கொடுத்தது. ப்ரொஃபைல் படத்தைக் கொடுத்துப் படத் தேடலும் செய்யுங்கள். கண்டதை அப்போதே அழிக்கப் புறப்படாமல், பக்கத்தின் முகவரியையும் அதில் என்ன இருக்கிறது என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அழிக்கச் சொல்லிக் கேட்கும்போது அந்த முகவரி வேண்டும்.

தேடலில் வராத அக்கவுன்ட்களும் இருக்கும். அவற்றை இன்பாக்ஸில்தான் பிடிக்க முடியும். வெல்கம், வெரிஃபை, பாஸ்வேர்டு என்ற ஆங்கிலச் சொற்களைப் போட்டு இன்பாக்ஸில் தேடினால் பழைய தளங்கள் வரிசையாக வரும். பிரவுசர் சேமித்த பாஸ்வேர்டு பட்டியலையும், கூகுள் அல்லது ஃபேஸ்புக் வழியாக லாகின் செய்த செயலிகளின் பட்டியலையும் பாருங்கள். 'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்ற இலவசத் தளத்தில் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால், அது எந்தெந்தத் தகவல் கசிவுகளில் சிக்கியது என்று காட்டும். இணையப் பாதுகாப்பு நிபுணர் ட்ராய் ஹன்ட் 2013-இல் தொடங்கியது. எனக்கு அடியோடு மறந்துபோயிருந்த இரண்டு தளங்கள் அங்கேதான் தெரிந்தன.

இனி மூடலாம். முதலில் உங்கள் படங்களையும் கடிதங்களையும் இறக்கிக்கொள்ளுங்கள். கூகுளுக்கு 'டேக்அவுட்' இருக்கிறது, ஃபேஸ்புக்கிலும் அதற்கு வழி உண்டு. பிறகு ப்ரொஃபைலில் இருக்கும் எண், பிறந்த தேதி, படம் ஆகியவற்றை எடுத்துவிட்டு அக்கவுன்ட்டை நீக்குங்கள். தற்காலிகமாக முடக்குவது வேறு, நீக்குவது வேறு. ஃபேஸ்புக்கில் நீக்கச் சொன்ன பிறகு 30 நாள் அவகாசம் உண்டு. இடையில் லாகின் செய்து ரத்து செய்தால் கணக்கு பழையபடி வந்துவிடும். முழுதாக மூட மனமில்லையென்றால், பழைய பதிவுகள் அனைத்தையும் ஒரே அழுத்தில் நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றும் வசதி அதன் அமைப்புகளில் இருக்கிறது.

பலரும் குழம்புவது இங்கேதான்: கூகுள் தேடலிலிருந்து எடுப்பதும் பக்கத்தை எடுப்பதும் ஒன்றல்ல. தேடலில் மறைந்தாலும் அந்தப் பக்கம் அங்கேயே இருக்கும். வேறு தேடுபொறி காட்டும். அதனால் முதலில் தளத்துக்கு எழுதுங்கள். பக்கத்தின் முகவரி, எந்த வரி உங்களுடையது, என்ன செய்ய வேண்டும் ஆகிய மூன்றும் போதும், கோபம் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்கள் 2018-இல் நடைமுறைக்கு வந்த ஜிடிபிஆர் என்ற தகவல் பாதுகாப்புச் சட்டத்தில், தன் தகவலை அழிக்கச் சொல்லும் உரிமையைத் தரும் 17-வது பிரிவைக் குறிப்பிடலாம். என் பீரோ விளம்பரம் அப்படி ஒரே கடிதத்தில் போனது. பிறகும் தேடலில் பழைய சுருக்கம் தெரிந்தால், காலாவதியான முடிவைப் புதுப்பிக்கச் சொல்லும் படிவம் கூகுளில் உண்டு. தளம் அசையவே இல்லையென்றால், கூகுளின் 'ரிசல்ட்ஸ் அபவுட் யூ' பகுதியில் உங்கள் எண், முகவரி, மின்னஞ்சல் தெரியும் முடிவுகளை எடுக்கச் சொல்லிக் கேட்கலாம்.

இனிப் போடும் படங்களுக்கு ஒன்று சொல்கிறேன். கைபேசிக் கேமராவில் லொகேஷன் இயங்கினால், எடுத்த இடம் படக்கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும். டாகுமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். கேமரா அமைப்பில் லொகேஷனை நிறுத்திவிடுவது சுலபம். மற்றவர்கள் உங்களை டேக் செய்தால், அது உங்கள் பக்கத்தில் தெரிவதற்கு முன் உங்கள் அனுமதி கேட்கும்படியும் மாற்றி வையுங்கள்.

ஆல்பத்துக்கு வருகிறேன். அந்தத் தளத்துக்கு இருமுறை எழுதியும் பதில் இல்லை. 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களின் படங்களைத் தேடல் முடிவிலிருந்து எடுக்கப் பெற்றோரே கேட்கலாம் என்ற வழி 2021 முதல் கூகுளில் இருக்கிறது. அதில் விண்ணப்பித்தேன், மகளின் படங்கள் இப்போது கூகுள் தேடலில் வருவதில்லை. தளத்துக்கு மூன்றாவது கடிதம் நேற்று போயிருக்கிறது. படத்தில் இருப்பது குழந்தை என்பதை இந்த முறை முதல் வரியிலேயே எழுதினேன்.