நாய்க்கு மாத்திரை கேட்கும்போது எடையையும் எழுதி அனுப்புங்கள்

நாய்க்குத் தொடர்ந்து கொடுக்கும் மாத்திரையைக் கால்நடை மருத்துவமனையிடம் இணையம் வழியாக மறுபடி கேட்கும்போது, மருந்துச் சீட்டின் படத்துடன், மில்லிகிராம் அளவு தெளிவாகத் தெரியும் மாத்திரை அட்டையின் படத்தையும் நாயின் இன்றைய எடையையும் சேர்த்து, பத்து நாள் மாத்திரை கையில் இருக்கும்போதே அனுப்பிவிடுங்கள். மருந்தளவு பெரும்பாலும் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்றே கணக்கிடப்படுவதால், எடை தெரிந்தால் மருத்துவர் திரும்பக் கேட்க வேண்டியிராது. குடியாத்தம் போன்ற ஊரிலிருந்து வேலூரிலுள்ள மருத்துவமனைக்கு வந்துபோகும் ஒரு நாளும் மிச்சமாகும். நாயைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொண்டால் எடை கிடைத்துவிடும். வலிப்பு மாத்திரை திடீரென நின்றால் வலிப்பு மீண்டும் வரக்கூடும் என்பதால், அந்தப் பத்து நாளைத் தயவுசெய்து குறைக்காதீர்கள்.

எடை வெகுவாக மாறியிருந்தாலோ, வாந்தியோ சோர்வோ தெரிந்தாலோ இந்த வழி பொருந்தாது. நேரில்தான் காட்ட வேண்டும். 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்கவேண்டிய இன்சுலினையும், 40 டிகிரியைத் தாண்டும் வேலூர்க் கோடையில் பார்சலில் வரவழைக்காமல், ஐஸ்கட்டி நேரடியாகப் படாதபடி துணி சுற்றிக் குளிர்பெட்டியில் நீங்களே வாங்கி வாருங்கள்.