‘குடியை விடுங்க’ என்று சொல்லாமல் பேசுவது எப்படி? (புதிய கவுன்சிலர்களுக்கு)

மறுவாழ்வு மையத்தில் சேர்ந்த முதல் வருடம் நான் அறிவுரையாகக் கொட்டினேன். கெட்டுப்போன கல்லீரல் படத்தைக் காட்டுவேன், பிள்ளைகளின் படிப்பை நினைவூட்டுவேன். எதிரில் இருப்பவர் தலையாட்டிவிட்டுப் போவார், மறுவாரம் வரமாட்டார். அப்புறம்தான் ஊக்க நேர்காணல் (Motivational Interviewing) முறையைக் கற்றேன். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் எழுதிய கட்டுரையில் இது தொடங்கியது. பிறகு ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து வளர்த்தார். இதன் சாரம் இதுதான்: குடியை விடுவதற்கான காரணத்தை நாம் சொன்னால், எதிரில் இருப்பவர் குடிக்கு வக்காலத்து வாங்குவார். அந்தக் காரணம் அவர் வாயிலிருந்தே வர வேண்டும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. தினமும் அதிகம் குடிப்பவரை இன்றே நிறுத்தச் சொல்லாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு, மனக்குழப்பம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரிடம் அனுப்பிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

படி 1: ‘தினமும் குடிப்பீங்களா?’ வேண்டாம். ‘நேத்து காலையில எழுந்ததுல இருந்து நாள் எப்படிப் போச்சு, சொல்லுங்கண்ணே’ என்று கேளுங்கள். குடி தானாகக் கதைக்குள் வரும்.

படி 2: அவர் சொன்னதன் உட்பொருளைத் திருப்பிச் சொல்வது. நான் மாதக்கணக்கில் தடுமாறியது இங்கேதான். ஒரு கொத்தனார் சொல்கிறார் என்று வையுங்கள்: ‘வீட்டுக்காரி தொல்லைக்குத்தான் சார் வந்தேன். நான் குடிகாரன் இல்ல.’ நான் உடனே, ‘வீட்ல கட்டாயப்படுத்தினாங்களா?’ என்பேன். அந்தக் கடைசி ‘ஆ’தான் சிக்கல். அது வந்ததும் பேச்சு விசாரணையாகிவிடும். ‘ஆமா சார்’ என்று முடித்துக்கொள்வார். அந்த ‘ஆ’வை எடுத்துவிட்டு, குரலை இறக்கி, ‘அவங்களுக்காக வந்திருக்கீங்க. உங்களைக் குடிகாரன்னு சொல்றது வலிக்குது’ என்று சொல்லி நிறுத்துங்கள். கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள்.

‘வலிக்கத்தான் செய்யுது... பாப்பாகூட இப்ப கிட்ட வரமாட்டேங்குது.’

இதற்குத்தான் காத்திருந்தோம். பழைய நானாக இருந்தால், ‘அப்ப விட்டுடுங்க!’ என்று பாய்ந்திருப்பேன். ‘பாப்பா திரும்ப ஓடி வரணும்னு ஆசையா இருக்கு’ என்று மட்டும் சொல்லுங்கள். மீதியை அவரே சொல்வார்.

பயிற்சிக்கு என் சிபாரிசு, செல்போன் ரெக்கார்டர். அவர் சம்மதித்தால் மட்டும் பதிவு செய்து, பிறகு கேட்டுக்கொண்டே கேள்விக்கு ஒரு கோடு, திருப்பிச் சொன்னதற்கு ஒரு புள்ளி வையுங்கள். ஒரு கோட்டுக்கு இரண்டு புள்ளி வந்தால் நல்ல பேச்சு. என் முதல் பதிவில் எல்லாமே கோடுகள்.

படி 3: அளவுகோல். அச்சடித்த படிவம் எனக்குப் பிடிக்காது, பரீட்சை மாதிரி இருக்கும். வெறும் தாளில் ஒரு கோடு போட்டு, ‘குடியை மாத்திக்கிறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், 0ல இருந்து 10க்குள்ள சொல்லுங்க’ என்று கேளுங்கள். 4 என்றால், ‘ஏன் 8 இல்ல?’ என்று கேட்கவே கூடாது. குடிப்பதற்கான காரணங்களை அடுக்குவார். ‘2 சொல்லாம 4 சொன்னீங்களே, ஏன்?’ என்று கேளுங்கள்.

படி 4: மாற்றத்தைப் பற்றி அவர் சொன்னவற்றை அவர் வார்த்தையிலேயே தொகுத்துச் சொல்லி, ‘இனி என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க?’ என்று கேட்டுவிட்டு விடுங்கள்.

பின்சேர்க்கை: ‘0 என்று சொல்லிவிட்டால்?’ என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வாதாட வேண்டாம். ‘சரிண்ணே. இது 3க்கோ 4க்கோ வரணும்னா என்ன நடக்கணும்?’ என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும், அடுத்த வாரம் டீ குடிக்கவாவது வாருங்கள் என்று சொல்லி அனுப்புங்கள்.