முதல் கிட்டார் ஆம்ப்: வாட்டைவிட ஸ்பீக்கரையும் எர்த்தையும் பாருங்கள்

புதுச்சேரி முத்தியால்பேட்டை மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் வாசிக்க 10 முதல் 20 வாட் ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கித் தரும் ஸ்பீக்கர் பெட்டி) தாராளம். 15 வாட்டுக்குப் பதில் 30 வாட் வாங்கினால் சத்தம் இரண்டு மடங்காகிவிடாது. கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறைய 10 மடங்கு வாட் வேண்டும். அந்தக் கூடுதல் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். ஸ்பீக்கர் 8 அங்குலத்துக்குக் குறைந்தால் தடித்த ஆறாவது ஸ்ட்ரிங் டப்பாவுக்குள் வாசித்த மாதிரி இருக்கும். டிரம்ஸோடு வாசிக்கிறவர்களுக்கு மட்டும் 40, 50 வாட்டும் 12 அங்குலமும்.

சர்ச்சில் அக்கூஸ்டிக் (உள்ளே வெற்றிடமுள்ள மரப்பெட்டி) கிட்டார் வாசிப்பவர்கள் அக்கூஸ்டிக் ஆம்பே வாங்க வேண்டும். எலக்ட்ரிக் ஆம்பின் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று அடங்கிவிடும், அக்கூஸ்டிக்கின் பளபளப்பு அதில் வராது. பழைய ரேடியோ மாதிரிக் கண்ணாடி வால்வில் ஓடும் ட்யூப் ஆம்ப் முதல் ஆம்பாக வேண்டாம். கனம் அதிகம், ட்யூப் தேயும், ஸ்பீக்கர் இணைக்காமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

கடைக்குச் சொந்தக் கிட்டாரையும் கேபிளையும் எடுத்துப் போங்கள். கிட்டாரை இணைக்கும் முன் ஆம்பை மட்டும் போட்டு வால்யூமை மெல்ல ஏற்றுங்கள். 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் இயல்பு. 'ம்ம்ம்' என்று அடித்தொண்டை ரீங்காரம் வந்தால் எர்த்திலோ பவர் சப்ளையிலோ கோளாறு. ஒவ்வொரு குமிழையும் முழுக்கத் திருப்புங்கள், கரகரத்தால் உள்ளே தூசியோ துருவோ இருக்கிறது. கேபிளை ஜாக்கில் (ஆம்பில் கேபிள் நுழையும் துளை) செருகி லேசாக ஆட்டுங்கள். ஒலி விட்டுவிட்டு வரக் கூடாது. பேஸைக் கூட்டி ஆறாவது ஸ்ட்ரிங்கை அழுத்தி மீட்டும்போது பெட்டி அதிர்ந்து கடகடத்தால் அந்தப் பெட்டி வேண்டாம். கடைசியாக, ராத்திரி வீட்டில் வைக்கும் அளவுக்குச் சத்தத்தைக் குறைத்துக் கேளுங்கள். முடிவு எடுக்க வேண்டியது அந்தச் சத்தத்தில்தான்.

புதுச்சேரியில் பிரான்ஸிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஆம்பும் கைக்கு வரும். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஆம்ப் ஓடும். ஆபத்து பிளக்கில் இருக்கிறது. பிரெஞ்சு சுவர் சாக்கெட்டில் எர்த் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பிளக்கில் அதற்கு ஓட்டைதான் உண்டு. நம் சாக்கெட்டில் இரண்டு உருண்டை முனைகள் நுழைந்துவிடும், எர்த் சேராது. ஸ்ட்ரிங்கில் கையும் மைக்கில் உதடும் பட்டால் ஷாக் அடிக்கலாம், அது உயிரையே பறிக்கக்கூடும். ஆம்பின் பின்னால் கழற்றும் பவர் கேபிள் என்றால் கம்ப்யூட்டருக்குப் போடும் மூன்று பின் பவர் கேபிளே பெரும்பாலும் பொருந்தும். கழற்ற முடியாததென்றால் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து மூன்று பின் பிளக் மாற்றுங்கள். பச்சை-மஞ்சள் ஒயர் மேலே உள்ள பெரிய பின்னுக்கு. வீட்டு சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்றும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள். அமெரிக்க ஆம்ப் 120 வோல்ட். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நேராகச் செருகவே கூடாது.

கரண்ட் போனபின் ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டரில் வாசித்தால் ஆம்ப் இரையும், பழுதென்று நினைக்க வேண்டாம். பீச்சுக்குப் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்று ஜாக்கைத் துருப்பிடிக்க வைக்கும். ஜன்னலோரம் வைக்காமல் பருத்தித் துணி போட்டு மூடுங்கள், வாரம் ஒருமுறை கேபிளை நாலைந்து தடவை செருகி எடுங்கள். உரசலில் துரு விடும். அதற்கும் மசியாவிட்டால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் கிடைக்கும். ஆம்பின் பிளக்கைக் கழற்றிவிட்டு ஜாக்குக்குள் ஒரு சிறு பீச்சு, காய்ந்தபின் சுவிட்ச் போடுங்கள்.